தமிழ் பேசி வாங்கிப்போன துணிகள்

சாங்வியில் வசந்தா அக்கா வீட்டு வாசலில் டெம்போவை நிறுத்திவிட்டு, "அக்கா, மூட்டை ரெடியா?" என்று குரல் கொடுத்தேன். வெளியே வந்தவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாப்பா சேகரு, வியாழக்கிழமையே உங்க ஆளு வந்து எடுத்துக்கினு போயிட்டாரே!"

நான் யாரையும் அனுப்பவில்லை.

இது இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது. மராத்தி பேசும் ஊரான தளேகாவ் பக்கம் ஆதரவற்ற பெண்களுக்கான ஓர் இல்லத்தில் நான் ஸ்டோர் கீப்பர். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும் சமயத்தில் பழைய துணி சேகரிப்பதும் என் தலையில்தான். வசந்தா அக்கா வேலூர்ப் பக்கத்துக்காரர். கணவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்துபோனவர். தெருவிலுள்ள தமிழ் வீடுகளிலெல்லாம் சொல்லி, துவைத்து மடித்த துணிகளைத் தன் வீட்டில் சேர்த்து வைப்பார். நான் சனிக்கிழமை போய் எடுத்துவருவேன். செவ்வாய், வெள்ளியில் போனால் ஒரு கைக்குட்டைகூடக் கிடைக்காது. நம்மவர்கள் அந்த நாட்களில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்க மாட்டார்கள்.

வந்தவனுக்கு இதெல்லாம் அத்துப்படி.

"நல்லா தமிழ் பேசினாம்பா. 'சனிக்கிழமை வண்டி வேற ஏரியாவுக்குப் போவுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நீங்க குடுக்க மாட்டீங்க. அதான் இன்னிக்கே வந்தேன்'னான். நம்ம வழக்கம் தெரிஞ்ச புள்ளையாச்சேன்னு காப்பி வேற போட்டுக் குடுத்தேன்" என்றார் அக்கா.

நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் கேட்ட காதுக்கு, வாசலில் ஒருவன் தமிழில் "அக்கா" என்றால் கதவு தானாகத் திறந்துவிடும். அன்று அவனை நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஆனால் ஆத்திரத்தைவிடப் பயம்தான் பெரிது. இல்லத்துக்கு அந்த ஆண்டு புதிதாக வந்த பெண்கள் அதிகம். தளேகாவில் குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் இந்த மூட்டைகளைத்தான் நம்பியிருந்தோம். அதோடு, இல்லத்தின் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறான். நானே ஆள் வைத்து விற்றுவிட்டேன் என்று தெருவில் யாராவது சொன்னால் என்ன செய்வது?

போலீஸ் சவுக்கிக்குப் போனோம். "தும்ஹீச் தில நா?" என்றார் அங்கிருந்தவர். நீங்களேதானே கொடுத்தீர்கள், பிறகு எப்படித் திருட்டு ஆகும் என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் நகரத்தில் பழைய துணி விற்கும் சந்தைக்கு அக்காவும் வந்தார். குவியல் குவியலாகக் கிளறிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் பச்சைச் சுங்கடிச் சேலையைக் கண்டுபிடித்துவிட்டார். கடைக்காரர், தான் காசு கொடுத்து வாங்கியதாகவும், விற்றவன் யாரென்று தெரியாது என்றும் இந்தியில் சொன்னார். அக்கா சேலையை விட்டுவிட்டு மறுபடி கிளறினார்.

"அக்கா, எதைத் தேடுறீங்க?"

"அவரோட ஸ்வெட்டரு. நைட் ஷிஃப்டுக்குப் போட்டுக்கினு போவாரே, பிரவுன் கலரு. இத்தினி நாளு குடுக்க மனசு வரல. குளுருல கெடக்கிற பொம்பளைங்க யாராச்சும் போட்டுக்கட்டும்னு இந்த வருசம்தான் எடுத்து வச்சேன்."

ஸ்வெட்டர் கிடைக்கவில்லை. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் கேட்டு வாங்கிய கம்பளிகள் வந்து சேரும்வரை, இல்லத்தில் இரண்டு பேருக்கு ஒரு போர்வைதான். ராத்திரியில் யாராவது இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முன் வீடு வீடாகப் போய், யார் வந்து கேட்டாலும், என்ன பாஷை பேசினாலும், இல்லத்துக்குப் போன் செய்து கேட்காமல் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வசந்தா அக்கா தலையைக்கூட ஆட்டவில்லை. இனிமேல் கொடுக்கவே மாட்டாரோ என்று ஒரு வாரம் கவலையாகவே இருந்தது.

சனிக்கிழமை போய் பெல் அடித்தேன். மரக்கதவு திறந்தது. கிரில் கதவு திறக்கவில்லை.

"தப்பா நெனைக்காதப்பா. அங்கியே நில்லு."

உள்ளே போனில் அவர் குரல் கேட்டது. "சேகர் நாம் கா ஆத்மி ஆயா ஹை. ஆப்கா ஹை க்யா?" சேகர் என்று ஒரு ஆள் வந்திருக்கிறான், உங்கள் ஆள்தானா என்று இல்லத்தில் கேட்டார்.

எத்தனை வருஷம் அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன்! ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு கிரில் திறந்தது. அக்காவுக்குப் பின்னால் கூடம் முழுக்க மூட்டைகள். துணி சேகரிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, உங்களையும் யாராவது இப்படி வாசலில் நிறுத்தி விசாரித்தால் கோபப்படாதீர்கள். அன்று அந்த மூட்டைகளைத் தூக்கும்போதுதான் ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த பயம் இறங்கியது.