மைக் இல்லாத போன்

ஸ்பீக்கர் துளையிலிருந்து ஊசி முனையால் ஒரு பருக்கையை நெம்பி எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைக்கிறார் கபீர். காய்ந்து கல்லாகிப்போன அரைப் பருக்கை. அடுத்து, சார்ஜர் குத்தும் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு துணுக்கு வருகிறது. விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பார்க்கிறார்.

"பருப்புச் சோறு. நெய் விட்டுப் பிசைஞ்சிருக்கிய."

பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் ஜெயசித்ரா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். "என்ன பாய், போனப் பாத்து ஜோசியம் சொல்லுதிய?"

"பையனுக்கு எத்தன வயசு?"

"ரெண்டர. போனக் காட்டலன்னா வாயத் தொறக்க மாட்டக்கான். நேத்து ஊட்டும்போது தட்டிவிட்டுட்டான், டிஸ்ப்ளே போச்சு. காலைலேருந்து பட்டினி. கொஞ்சம் வெரசாப் பாத்துக் குடுங்க."

கபீர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "இந்த மாடலுக்குக் காம்போ மதுரையிலேருந்து வரணும்லா. வெள்ளிக்கிழம சாயங்காலம் வாங்க."

அன்று புதன்கிழமை. அவர் தலைக்கு மேலிருக்கும் தட்டில் அதே மாடலுக்கான காம்போ, டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்த்து ஒட்டியது, மூன்று இருக்கிறது. அவள் பஸ் ஏறிப் போன அரை மணி நேரத்தில் அதில் ஒன்றை மாட்டி, விரலால் திரை முழுக்க மேலும் கீழும் கோடிழுத்துச் சோதித்து, போனை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார்.

திருவேங்கடம் சாலையில் உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது அவர் கடை. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஆடித்தபசுக் கூட்டத்தில் மிதிபட்ட போன், பருத்திக் காட்டில் மருந்துத் தண்ணீருக்குள் விழுந்த போன் என்று எது வந்தாலும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார். கைவேலை சுத்தம் என்பதில் சங்கரன்கோவிலில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது. சட்டென்று முடித்துத் தரமாட்டார் என்பதுதான் புகார். அதிலும் ஒரு கணக்குப் பிடிபடாது. ஆட்டோ ஓட்டும் மூக்காண்டிக்கு அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதே மாடல், அதே உடைசல், ஒரு டீச்சருக்கு மூன்று நாள்.

"ஆளப் பாத்து வேல செய்யுதாருவே," என்று டீக்கடையில் யாரோ சொன்னபோது மூக்காண்டி விட்டுக்கொடுக்கவில்லை. "இல்லவே. அவரு போனப் பாத்துத்தான் வேல செய்யுதாரு."

மூக்காண்டி வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் உண்மை அதுவே. பருக்கை இல்லாத போனுக்கு அரை மணி நேரம். பருக்கை இருந்தால் மூன்று நாள்.

கபீருக்கு ஒரே பெண், பர்ஹத். மூன்றரை வயது. அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, உயிர்விட்ட மூன்று போன்களைப் பிரித்து அவளுக்காக ஒன்று செய்தார். ஒன்றின் போர்டு, ஒன்றின் திரை, பெரிய பேட்டரி. கீழே போட்டாலும் உடையாதபடி சுற்றிலும் தடித்த ரப்பர். சிம் இல்லை, நெட் இல்லை. பாட்டுகளும் கார்ட்டூன்களும் மெமரி கார்டு நிறைய. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவசரமாக மைக் தேவைப்பட்டது. கையில் சரக்கு இல்லை. பிள்ளையின் போனிலிருந்து கழற்றிப் போட்டுக் கொடுத்தார். பாட்டுக் கேட்கிற போனுக்கு மைக் எதற்கு?

அந்தப் போன் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. தொழிலில் அவர் செய்தவற்றிலேயே நல்ல வேலை அதுதான்.

மனைவி ரிஸானா சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து ஊட்டுவாள். பர்ஹத் திரையைப் பார்த்தபடி வாயைத் திறப்பாள். இருபது நிமிடமும் சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. கபீர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரிஸானாவின் போன் அவள் மடியில் கிடக்கும். மூன்று போனும் மூன்று பாட்டுப் பாடும் வீடு. அமைதியான குடும்பம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை இரண்டு வயதில் ஆங்கிலத்தில் நிறம் சொன்னாள், இருபது வரை எண்ணினாள். கடையநல்லூரிலிருந்து வந்த மாமியார் அலிமா பீவி கன்னத்தைத் தடவி உச்சி முகர்ந்தாள். "மாஷா அல்லாஹ், வெள்ளக்காரி மாதிரில்லா பேசுதா எம் பேத்தி." கபீர் அதை வீடியோ எடுத்து சவூதியிலிருக்கும் தம்பி தாஹாவுக்கு அனுப்பினார். அங்கே அறையில் இருந்த எல்லோரும் பார்த்துச் சிரித்தார்களாம்.

அவள் பேசவில்லை, பாட்டைத் திரும்ப ஒலிக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பசித்தால் அவள் 'சோறு' என்று சொன்னதில்லை. ரிஸானாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சட்டியின் மேல் வைப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பயந்துபோய்த் திருநெல்வேலியில் பார்த்தார்கள். காது நன்றாக இருந்தது. அங்கிருந்து பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள்.

"இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார்," என்றாள் அவள். "பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனா இந்த வயசுல மூளை பேச்சைக் கத்துக்கிறது எதிர்ல ஒரு ஆள் இருந்தாத்தான். நீங்க ஒண்ணு சொல்லணும். பிள்ளை ஏதோ ஒரு சத்தம் கொடுக்கணும். அதுக்கு நீங்க திரும்பச் சொல்லணும். போன் பேசிக்கிட்டே இருக்கும். பிள்ளை என்ன சொல்லுதுன்னு நின்னு கேக்காது."

கபீர் கீழே குனிந்துகொண்டார். அந்த மைக் ஒரு துவரம்பருப்பு அளவுதான். அதைக் கழற்றியது அவருடைய கை.

"வீட்டுக்கு வந்த பிறகு நீங்க எவ்வளவு நேரம் போன் பாப்பீங்க?"

"தொழில்தான மேடம். ரிப்பேர் வீடியோ பாக்கணும்லா."

"பிரியாணி கிண்டுத வீடியோவும் ரிப்பேர்ல சேத்தியா மச்சான்?" என்றாள் ரிஸானா. சிரிப்பதற்காகச் சொல்ல ஆரம்பித்தவள் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டாள். "நானுந்தான். நானும் பாத்துக்கிட்டுத்தான கெடந்தேன்."

அந்தப் பெண் ஒரு வேலை சொல்லிக் கொடுத்தாள். பிள்ளையின் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பத்து எண்ணிக்கை பிள்ளையுடைய இடம். அதில் நீங்கள் நுழையக் கூடாது.

இது நடந்து ஏழு மாதமாகிறது. ரப்பர் சுற்றிய போனைக் கடைக்குக் கொண்டுவந்து இழுப்பறையில் போட்டார். முதல் நான்கு நாள் பர்ஹத் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். பிறகு அழுகை நின்றது. பேச்சு வரவில்லை. ஒரு மதியம் வேலையில்லாமல் இருந்தபோது கபீர் அந்தப் போனைத் திறந்து, புது மைக் ஒன்றை எடுத்து அதற்குரிய இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். பத்து நிமிட வேலை. மூடி, மறுபடி இழுப்பறையிலேயே வைத்துவிட்டார்.

பருக்கை ஒட்டிய போன்கள் மூன்று நாள் தங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே வந்துவிட்டாள் ஜெயசித்ரா. கபீர் தொழுகைக்குக் கிளம்புவதற்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"சாயங்காலம்லா வரச் சொன்னேன்."

"பாய், கோவப்படாதிய. எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காவ. அவுகளுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் லீவு. பன்னெண்டு மணிக்கு வீடியோல வருவாக. பையன் அப்பா மொகத்தப் பாக்கதே அதுலதான். நேத்து பூரா அப்பா அப்பான்னு, போனச் சாத்தி வைக்குத சொவத்துல போயி நிக்கான்."

கபீர் ஷட்டரை மறுபடி மேலே தூக்கினார். இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியது பருப்புச் சோற்றை மட்டுமல்ல என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. ஏழு மாதத்தில் இப்படி எத்தனை போன்.

"வந்துட்டும்மா. காலைலதான் காம்போ வந்துச்சு," என்று பொய்யை முடித்துவைத்து, போனை எடுத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "பையன் சாப்பிட்டானா?"

"மொத நாள்தான் பட்டினி. இன்னைக்குக் கோழியப் பாத்துக்கிட்டே ரெண்டு இட்லி தின்னான். அதோட ஒரே வழக்கு."

"கோழிட்ட என்ன சொன்னான்?"

இதையெல்லாம் கேட்பாரா ஒரு மனிதர் என்பதுபோல அவள் பார்த்தாள். "என்னத்தச் சொல்லுவான். 'போ, இது எனக்கு'ன்னான்."

"போ, இது எனக்கு," என்று கபீர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் போனைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது ஒன்றரை மணி. ரிஸானா சோற்றுச் சட்டியை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். பர்ஹத் வந்து அவர் சுட்டுவிரலைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய்ச் சட்டியின் மூடி மேல் வைத்தாள்.

கபீர் சம்மணம் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"மக்கா, என்ன வேணும்?"

ஒன்று. இரண்டு. அவள் மூடியைப் பார்த்தாள். நான்கு. ஐந்து. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். ஆறு. உதடு குவிந்தது, குவிந்ததுபோல் இருந்தது. ஏழு.

சட்டைப் பையில் போன் அலறியது. பர்ஹத்தின் கண் சட்டென்று அந்த வெளிச்சத்துக்குப் போய்விட்டது.

கபீர் பையிலிருந்து எடுத்து, யார் என்று பார்க்காமலே அணைத்து, தனக்குப் பின்னால் தரையில் கவிழ்த்து வைத்தார். விரல் இன்னும் பிள்ளையின் பிடியில்தான் இருந்தது. அவள் கண் திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

"மக்கா, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.