அப்பா சிரித்த படம்

ஆளிவிதை எண்ணெயைப் பழந்துணியில் தோய்த்து மரத்தில் தேய்க்கும்போது ஒரு மணம் வரும். கொஞ்சம் பெயின்ட் போலவும் கொஞ்சம் மீன் போலவும் இருக்கும். நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மாசி என்ற புறநகரில் அப்பா மோட்கேஜ் கடன் எடுத்து வாங்கிய வீட்டின் கராஜுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த மணம்தான் நிறைந்திருக்கும். அம்மா சமையலறையில் கடுகு தாளிக்கும் மணம் நடைக்கதவு வரை வந்து, அதற்கு அப்பால் போக மனமில்லாமல் நின்றுவிடும். அம்மாவும் அந்தக் கதவைத் தாண்டிப் போனதில்லை.

கராஜுக்குள் அப்பாவின் துப்பாக்கிகள் இருந்தன; ஊர்ப் பேச்சில் அவருக்கு அவை "துவக்குகள்". நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும் ஆங்கிலச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாமாக ஐந்து. இரண்டு உலகப் போர்களிலும் பாவித்த, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய "திரீ நொட் திரீ" வகை. சுவரோடு ஆணி அடித்து இறுக்கிய இரும்பு அலுமாரிக்குள் அவை நிற்கும். வெடி ஏற்ற இழுக்கும் "போல்ட்" என்ற இரும்புத் தண்டுகள் எல்லாம் கழற்றப்பட்டு வேறொரு பெட்டியில் பூட்டியிருக்கும். அதைத் தவிர தகர நீர்ப்போத்தல்கள், தொப்பிகள், பித்தளைப் பொத்தான்கள், யாரோ செத்தவர்களின் இடுப்புப்பட்டிகள். மனுகா என்ற பகுதியில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளை எண்ணுவதும் ஏற்றுவதுமாக வாரம் முழுவதும் நின்ற மனிதர், ஞாயிறு வந்தால் ஒரு முக்காலியில் இருந்து இவற்றைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். எனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. "ஊரில துவக்கைக் கண்டு ஓடினம். இஞ்ச காசு குடுத்து வாங்கி வைச்சுக் கும்பிடுறியள்," என்று அவர் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்பா அதற்குக் கோபிக்க மாட்டார். "இது என்ர பேரில இருக்கு. லைசன்ஸ் இருக்கு. ஒருத்தரும் என்னை ஏனெண்டு கேக்க ஏலாது," என்பார். அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோசம் இருக்கும். ஊரில் இருபது வயதுத் தமிழ்ப் பெடியனாக ஒவ்வொரு சந்தியிலும் கைகளைத் தூக்கி நின்றவருக்கு, துவக்கு வைத்திருந்தும் யாரும் தன்னைச் சந்தேகிக்காத ஒரு நாடு கிடைத்திருந்தது. எனக்கு அது விளங்க வெகுகாலம் பிடித்தது.

அந்த லைசன்ஸுக்காக ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்த நாளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும், பாதியில் நின்றும்விடும். இங்கே அது முறை. வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்பார்கள். அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, கணவர் துப்பாக்கி வைத்திருப்பதில் உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா, மனம்விட்டுச் சொல்லலாம் என்று அத்தனை மரியாதையாகக் கேட்டார். அம்மா உடனே இல்லை என்றார். சீருடை போட்டவர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லித்தான் அம்மா உயிர் தப்பி வந்தவர். அந்த ஒருநாள் ஓம் என்று சொல்லியிருந்தால் போதும், கராஜுக்குள் ஒன்றுமே வந்திருக்காது.

மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பாவைப் போன்ற சேகரிப்பாளர்கள் ஒரு பொது மண்டபத்தில் கூடுவார்கள். அப்பா என்னையும் கூட்டிப்போவார். நீள மேசைகளில் பச்சைத் துணி விரித்துத் துப்பாக்கிக் கத்திகளையும் தலைக்கவசங்களையும் பரப்பியிருப்பார்கள். வாங்குவதும் மாற்றுவதும் கொஞ்சம், கதைப்பதுதான் அதிகம். ஒரு துவக்கின் குழாயிலும் போல்ட்டிலும் பொறித்த இலக்கங்கள் ஒன்றாக இருக்கின்றனவா, ஒரு திருகாணி அந்த வருடத்துக்கு உரியதா, பிறகு யாரோ மாற்றியதா என்று ஒரு மணித்தியாலம் விவாதிப்பார்கள். அந்தத் துவக்கால் சுட்டால் என்ன ஆகும் என்று யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. றொஜர் என்ற ஓய்வுபெற்ற தச்சர்தான் அங்கே அப்பாவுக்கு நெருக்கம். அவர் ஒருமுறை, நீ போரைக் கண்டிருக்கிறாயா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, தான் கணக்குப் படித்தவன் என்று பதில் சொன்னார். றொஜர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் திருகாணிக்கு வந்தார்.

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, அவர்களுடைய கண்காட்சி நாளில், மிக நன்றாகப் பராமரித்த துவக்கு என்று அப்பாவினுடையதற்கு ஒரு நீல நாடா கொடுத்தார்கள். அன்று எல்லோரும் பழைய படைச்சட்டைகளைப் போட்டுக்கொண்டு வருவது வழக்கம்; அப்பாவும் காக்கிச் சட்டை போட்டிருந்தார். றொஜர் அவரைப் பலகைச் சுவரோடு நிற்க வைத்து, துவக்கைக் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்தார். அடுத்த மாதம் அதைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். அதில் அப்பா பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் கல்யாணம், பிறந்தநாள், கோயில் என்று எத்தனையோ படங்கள் இருந்தன. ஒன்றிலும் அப்பா சிரிக்கவில்லை.

இனிச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி. வவுனியாவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே நெற்றி, ஒரே மூக்கு; ஊரில் சொந்தக்காரர்களே ஆள் மாறிக் கதைப்பார்களாம். அவருடைய மகள் நிரோஜாவுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் தமிழை மறந்துவிடுவேன் என்ற பயத்தில், மாதம் ஒரு கடிதம் நிரோஜாவுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டிருந்தார். எழுதி முடித்ததும் அவர் வாசித்து, ளகர ழகரங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவார். நான் மறுபடி எழுதி, உறையை ஒட்டித் தபாலில் போடுவேன்.

அந்த முறை நிரோஜா, பெரியப்பா இப்ப எப்பிடி இருக்கிறார், ஒரு படம் அனுப்பு என்று கேட்டிருந்தாள். இருப்பதில் நல்ல படத்தைத்தானே அனுப்புவோம். அம்மா கடிதத்தைத் திருத்தித் தந்த பிறகு, அப்பா சிரிக்கும் அந்த ஒரே படத்தை எடுத்து உறைக்குள் வைத்து ஒட்டினேன். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. இது என் அப்பா, இது ஒக்லாந்து என்று ஒரு வரி எழுத எனக்குத் தெரியும். தோன்றவில்லை.

அங்கே போர் மறுபடி மூண்டிருந்தது. ஏழெட்டுக் கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் சித்தியின் அழைப்பு வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று எப்போதும் போல அப்பா "ஸ்பீக்கரில்" போட்டார். வீட்டைச் சோதிக்க இராணுவ ஆட்கள் வந்தார்களாம். அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் அந்தப் படம் இருந்ததாம். படத்தையும் பார்த்து, சித்தப்பாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, துவக்கோடு நிற்பது அவர்தான் என்று, இடுப்பில் உடுத்த சாரத்தோடு அவரைக் கொண்டுபோய்விட்டார்களாம். அது தன் அண்ணன் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நான்கு நாளாகிறது, எங்கே என்று தெரியவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அத்தான், நீங்கள் ஏன் துவக்கோட நிண்டு படம் எடுத்து அனுப்பினியள்?" என்று சித்தி கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். "ஓம் வதனா, நான்தான் வைச்சனான். யோசிக்கேல்ல," என்றார். அன்று மட்டுமல்ல, பிறகும் அவர் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் போராடினார். படத்தில் நிற்பது தான்தான், அந்தத் துவக்கு போராளிகள் வைத்திருக்கும் வகையே அல்ல என்று நிரூபித்துவிட்டால் தம்பியை விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். றொஜரும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார்கள். துவக்கின் வகை, இலக்கம், தோல்வாரின் கொளுக்கி, நீல நாடா, பின்னால் தெரியும் பலகைச் சுவர் எல்லாவற்றையும் பற்றி நான்கு பக்கம் எழுதினார்கள். நல்ல மனிதர்கள், தங்கள் வாழ்நாள் அறிவு முழுவதையும் ஒரு அந்நியனின் உயிருக்காகக் கொட்டினார்கள். ஆனால் பழக்கம் விடுமா? காக்கிச் சட்டையின் பொத்தான் எந்த வருடத்தது என்பதில் இருவருக்குள் தகராறு வந்து, அரை மணித்தியாலம் இழுபட்டது. அம்மா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சட்டத்தரணியின் முத்திரையோடு அந்தக் கடிதம் இராணுவத்துக்குப் போனது. நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த பதிலில் இரண்டே வரிகள். அந்தப் பெயருடைய எவரும் தங்கள் பொறுப்பில் இல்லை என்று இருந்தது. துவக்கைப் பற்றியோ பொத்தானைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அப்பா நான்கு துவக்குகளை விற்றார். தொப்பிகளையும் பட்டிகளையும் றொஜரிடம் சும்மா கொடுத்தார். படத்தில் இருந்த துவக்கை மட்டும் கொடுக்கவில்லை. என்றாவது ஒரு விசாரணை நடந்தால் இலக்கத்தைக் காட்ட வேண்டும் என்றார். எண்ணெய் போடுவதை நிறுத்திவிட்டார், ஆனால் லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். சேகரிப்பு என்று சொல்வார்.

இப்போது அந்தக் கூட்டங்கள் இல்லை. துப்பாக்கிச் சட்டங்கள் இறுகிய பிறகு பலர் விட்டுவிட்டார்கள், றொஜர் காலமாகிவிட்டார், மண்டபம் இருந்த இடத்தில் மாடிவீடுகள் வந்துவிட்டன. எங்கள் கராஜில் என் பிள்ளைகளின் சைக்கிள்கள் நிற்கின்றன. நிரோஜாவுக்கு நான் எழுதுவதெல்லாம் போனில் இரண்டு வரிதான். அந்த இரும்பு அலுமாரி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

சித்தி வருடக்கணக்காக, காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு தெருவோரப் போராட்டக் கொட்டகையில் சித்தப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். போன வருடம் நிரோஜா எனக்குப் போன் எடுத்தாள். "அம்மா வைச்சிருக்கிற படத்தில அப்பாவுக்கு நாப்பது வயதுகூட இல்லை. இப்ப ஆரும் அவரைக் கண்டாலும் அடையாளம் தெரியாது. பெரியப்பா இப்ப எப்பிடி இருக்கிறாரோ அப்பாவும் அப்பிடித்தானே இருப்பார்? அவரை ஒரு படம் எடுத்து அனுப்புவியா?" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். அவர், சித்தப்பா வைத்திருந்தது போல மீசை வளர்க்கத் தொடங்கினார். ஐந்து கிழமைக்குப் பிறகு, கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் இருந்தார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் சித்தியே அழைத்தார். கொட்டகைப் பக்கமாக வந்த ஒருவர் மடியில் இருந்த புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரை நான் கண்டனான். உயிரோட இருக்கிறார்," என்றாராம். "அந்தாளின்ர கையைப் பிடிச்சு எங்க எண்டு கேட்டன், அத்தான். பிறகு அந்தாள் சொல்லுது, நியூசிலாந்தில கோயில்ல கண்டனான் எண்டு." அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டு எழும்பிப் போனார்.

நான் சொன்னேன். இத்தனை வருடமாகச் சொல்லாததை, "சித்தி, அந்தப் படத்தை வைச்சது அப்பா இல்லை, நான்," என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் பிள்ளை. உன்ர கடிதத்தை உடைச்சது நான்தானே, அண்டைக்குக் கோவத்தில அத்தானைக் கேட்டிட்டன்," என்றார் சித்தி. "சித்தப்பா பாத்திட்டு உடனே எரிக்கச் சொன்னவர். உயிரோட இருக்கிற ஆளின்ர படத்தை எப்பிடி எரிக்கிறது? நான்தான் துவக்குத் தெரியாமல் மடிச்சு உடுப்புக்குக் கீழ வைச்சனான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். போனை வைக்க முன், அப்பாவை மீசையை எடுக்க விடாதே என்று சொன்னார்.