அறிக்கையை எழுதியவன்

பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம் இருந்தேன். அதில் முக்கால்வாசி கிளார்க் வேலை. லீவு சீட்டு, மேலிருந்து வரும் செய்திகள், காயம்பட்டவர்களைப் பற்றிய அறிக்கை என்று எதுவானாலும் என் மேஜைக்குத்தான் வரும். ரிட்டயராகி வந்து இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலைக்குப் போகிற பெண்கள் என்னை 'மிலிட்டரி சார்' என்பார்கள். எல்லையில் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் குளிரைப் பற்றிச் சொல்வேன். அதைக் கேட்டதும் பாவம் என்று போய்விடுவார்கள். மேலே எதுவும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பிரிவில் குடியாத்தத்துக்காரன் ஒருவன் இருந்தான். லுங்கி நெய்கிற குடும்பம். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டான். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். ஊரிலிருந்து அவன் அம்மா அனுப்புகிற எள்ளுருண்டையில் பாதி எனக்கு வரும்.

ஒரு குளிர்காலத்தில் அவனைப் பனி மூடிய ஒரு போஸ்ட்டுக்கு மேலே அனுப்பினார்கள். நான் கீழே முகாமில் இருந்தேன். அவனுக்குப் பாதம் பெரிது. அந்த அளவில் பனிக்கான பூட்ஸ் ஸ்டோரில் இல்லை. ஒரு சைஸ் சின்னதை மாட்டிக்கொண்டு போனான். பூட்ஸை மாற்றித் தரச்சொல்லி மூன்று தடவை வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மூன்றையும் பதிவேட்டில் எழுதி அதிகாரியின் பார்வைக்கு வைத்தவன் நான்தான். நான்காவது செய்தி, அவனால் எழுந்து நிற்க முடியவில்லை என்று வந்தது. பனிப்புயல் ஓய்ந்து அவனைக் கீழே கொண்டுவர ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் இறுகிய பூட்ஸில் ரத்தம் ஓடாமல் விரல்கள் கறுத்துச் செத்துப்போயிருந்தன. இடது காலில் ஐந்தையும் வலது காலில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். பூட்ஸ் பேச்சு வந்தால் ஸ்டோரில் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி இரண்டு மூன்று பேருடைய பதவி உயர்வில் போய் முட்டும். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஈர சாக்ஸை உடனுக்குடன் மாற்ற வேண்டும் என்ற உத்தரவை அந்த ஜவான் பின்பற்றவில்லை, அவனுடைய கவனக்குறைவால்தான் இது நேர்ந்தது என்று அறிக்கை தயார் செய்யச் சொன்னார். நான் டைப் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பதிவேடு தண்ணீர் பட்டு வீணாகிவிட்டது என்று இன்னொரு தாளும் அடித்தேன். பழைய பதிவேட்டை முகாம் அடுப்பில் என் கையாலேயே போட்டேன். அட்டை தடிமனாக இருந்ததால் எரிய நேரம் எடுத்தது. முழுக்க எரிகிறவரை நின்றேன்.

அதே வாரம் எனக்கு லீவு கிடைத்தது. தங்கச்சி கல்யாணத்துக்காகக் கேட்டு ரொம்ப நாளாக நின்றுபோயிருந்த லீவு. அதற்கு இது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ரயிலேறுகிற ஊரில்தான் அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரியும் இருந்தது. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தக் கவனக்குறைவு என்று தாளில் இருந்ததால் ஊனமுற்றவருக்கான பென்ஷன் கிடையாது.

பல வருஷம் கழித்து ஒரு காலையில், கம்பெனி வாசலில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வரிசையில் அவன் நின்றான். என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்து கட்டிக்கொண்டான். தறியில் மிதிக்கக் கால் உதவவில்லை. பவர்லூமில் நாளெல்லாம் நிற்க முடியவில்லை. இங்கே உட்கார்ந்தபடி ஷூவில் வழிந்த பசையைத் துடைக்கிற வேலை. முன்பக்கம் பஞ்சு அடைத்த செருப்பில் குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பான். கூட வேலை செய்கிறவர்களிடம் என்னைக் காட்டி, அண்ணன் மட்டும் இல்லையென்றால் பட்டாளத்திலிருந்து முதல் வருஷமே ஓடிவந்திருப்பேன் என்பான். நான் சிரிப்பேன். நாலு வருஷம் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், என்னை எதிர் டீக்கடைக்குக் கூப்பிட்டான். வேலூரில் ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார், மனுப் போட்டுப் பழைய காகிதங்களை வாங்கித் தந்திருக்கிறார் என்று உறையை நீட்டினான்.

"எல்லாம் இங்லீஷ்ல கீதுண்ணே. நீதான் இந்த வேலையெல்லாம் பாத்தவன். இன்னா போட்டுகீறாங்கன்னு படிச்சு சொல்லு."

நான் அடித்த அதே தாளின் நகல். வேறு மாதிரிப் படித்துக் காட்டிவிடலாமா என்று நினைத்தேன். எப்படியும் வக்கீல் சொல்லிவிடுவார். அதனால்தான் உள்ளதைப் படித்தேன். நேர்மையால் படித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்யதை இல்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"இத்த எழுதுனது யாரு?"

"அவர் சொன்னாரு. நான்தான் அடிச்சேன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தான்.

"சாக்ஸ் மாத்தலன்னு போட்டுகீறியே, மாத்தறதுக்கு எனக்கு வேற சாக்ஸ் இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"பூட்ஸு கேட்டனே. மூணு வாட்டி கேட்டனே. அது எங்க?"

"கொளுத்திட்டேன்."

தாளை அதன் மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டான். டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்தில் அவனிடம் கொண்டுபோனேன். அவன் கையில் வாங்கவில்லை. வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள் என்றான். அன்றிலிருந்து நான் அண்ணன் இல்லை, 'சார்'.

பென்ஷன் கேட்டு வக்கீல் போட்ட மனுவின் விசாரணைக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே கேள்வி கேட்டவருக்கு என் சர்வீஸ் அளவுக்கு வயது இருக்கும். அன்றைக்கு எழுதியது பொய்யா, இப்போது எழுதியிருப்பது பொய்யா என்று கேட்டார். அன்றைக்கு எழுதியதுதான் என்றேன். அப்படியானால் நீங்கள் பொய் எழுதக்கூடியவர், இதை மட்டும் நாங்கள் எப்படி நம்புவது என்றார். பதிவேடு எங்கே என்று கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன். அந்த அதிகாரியைக் கேட்கலாம் என்றால், அவர் பெரிய பதவியில் ரிட்டயராகி, மரியாதைகளோடு செத்தும் போயிருந்தார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஆவணம் இல்லாததால் மனு தள்ளுபடி.

அந்தக் கடிதத்தைப் பற்றி வக்கீலிடம் பேசிவிட்டு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து திரும்பினோம். பள்ளிகொண்டா தாண்டியதும் நான்தான் பேச்செடுத்தேன். மேல்முறையீடு செய்யலாம், எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்தது உங்களுக்கோசரம் சார்," என்றான். "எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. வுடுங்க."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதைத் தரக்கூடாது என்றுதான் அப்படிப் பேசினானோ என்னவோ.

பொய் எழுதினேன், பதிவேட்டை எரித்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தும் என்மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. ஏன் என்று கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. மிலிட்டரி கேன்டீனில் இன்றைக்கும் எனக்கு சல்யூட் வைக்கிறார்கள்.

இந்த வருஷம் குடியரசு தினத்துக்குக் கம்பெனியில் முன்னாள் வீரர்கள் என்று எங்கள் இருவரையும் மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். மேனேஜர் என்னிடம் மைக்கைக் கொடுத்து, பட்டாள அனுபவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்தபோது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. எதிரே நானூறு பெண்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒழுக்கத்தைப் பற்றியும் கட்டுப்பாட்டைப் பற்றியும் ஐந்து நிமிஷம் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் அவனும் கைதட்டினான்.