டச்சப் செய்யாத முகம்

எங்கள் அண்ணிக்கு வேலை செய்யும் இடத்தில் ரப்பர் என்று பெயர். வைத்தவர் அவளுடைய முதலாளி, போட்டோ ஸ்டூடியோக்காரர். அவர் படம் எடுப்பார், அண்ணி அதைக் கம்ப்யூட்டரில் போட்டு டச்சப் செய்வாள். பரு, தழும்பு, கண்ணுக்கடியில் கறுப்பு, எதை எடுக்கச் சொன்னாலும் அங்கே ஒன்று இருந்ததே தெரியாமல் எடுத்துவிடுவாள். "ரப்பர் கைக்குப் போனா கழுதைகூட ராஜகுமாரிதான்" என்பார் முதலாளி. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான்.

உள்ளறையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு பெரிய திரை, ஜன்னல் கிடையாது. வாடிக்கையாளர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையில் விரலை நீட்டிப் பேசுவார்கள். "அந்த மீசைய எடுத்துடும்மா, அசிங்கமா இருக்கு" என்று ஒரு தாய், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வாள். அண்ணி தலையைத் திருப்பாமல் எடுப்பாள். அண்ணிக்கும் மீசை உண்டு. தாடையிலும் கழுத்திலும் தாடியே உண்டு. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகுதான் அவள் மனிதர்கள் முன்னால் வருவாள்.

நான் அவளுக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே குளியலறை, எனக்கே வருஷக்கணக்கில் இது தெரியாது. "உள்ள தனிக்குடித்தனமா நடத்துறீங்க?" என்று கதவைத் தட்டிக் கத்தியிருக்கிறேன். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வந்தால் மத்தியானம் வரை தூங்குவான். அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? அவர்களுடைய கல்யாண ஆல்பத்தை அண்ணிதான் உட்கார்ந்து டச்சப் செய்தாள், ஒரு படம் விடாமல். அதில் ஒன்றை அண்ணன் லாரியில் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறான்.

பிடுங்கிப் பிடுங்கி ஒரு நாள் தாடைக்கடியில் கட்டி வந்து சீழ் பிடித்தது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, துப்பட்டாவால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். இந்த வேஷமெல்லாம் என்னிடம் நடக்குமா? துப்பட்டாவை இழுத்துப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. "உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாருடி? ஒரு ஆம்பளையக் கட்டிக்கிட்டு வந்துட்டோம்னு நினைப்பாரு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிட்டாங்க. டீச்சர்கூடச் சிரிச்சாங்க."

கட்டி ஆறியதும் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா முதலில் கேட்டது மாதவிடாயைப் பற்றி. "அது வரும்போது வரும்" என்றாள் அண்ணி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "ஆண் ஹார்மோன்னு சொல்றது எல்லாப் பொம்பளைங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். உங்களுக்கு அளவு கூட. அவ்வளவுதான். உங்க தப்பு எதுவும் இல்ல" என்றார் டாக்டர். அவ்வளவு நீளப் பேச்சில் அண்ணி காதில் விழுந்தது ஆண் என்ற ஒரே வார்த்தை. வீடு வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ஹார்மோனுக்கு மாத்திரை, முடிக்கு லேசர் என்று முடிவாயிற்று. லேசர் வெளிச்சம் முடி வழியாக இறங்கி வேரைச் சுடும், கறுத்த தோலுக்கு அதற்கேற்ற மெஷினில்தான் செய்ய வேண்டும், விட்டு விட்டுப் பல தடவை வர வேண்டும், ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைக்கக்கூடாது என்றெல்லாம் டாக்டர் விளக்கினார். கடைசியில் ஒன்று சொன்னார்: "இனிமே பிடுங்கக்கூடாது. வேணும்னா சவரம் பண்ணிக்கலாம். வேர் உள்ள இருக்கணும்." அண்ணி தலையை ஆட்டினாள். நானும் கேட்டேன், அவளும் கேட்டாள்.

லேசர் நாளன்று அவள் என்ன செய்தாள் தெரியுமா? வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்து, ஒரு முடி விடாமல் பிடுங்கிவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எனக்குத் தெரியாது. அங்கே லேசர் போடுகிற பெண் பவுடரைத் துடைத்துவிட்டு, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இழுத்துத் தாடையை அப்படியும் இப்படியும் பார்த்தாள்.

"இங்க ஒண்ணுமே இல்லையேக்கா?"

அண்ணி முகத்தில் ஒரு நொடி பெருமை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "காலைல எடுத்துட்டுதாங்க வந்தேன்."

"எடுத்துட்டீங்களா? அப்ப நான் எதுக்குக்கா லேசர் போடறது? வேரோட போயிடுச்சே."

"அப்படியே எப்படிங்க வர்றது? நீங்கல்லாம் பாப்பீங்களே!"

"பாக்கத்தானேக்கா நாங்க இருக்கோம்" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு வரச் சொன்னாள். வழி நெடுக நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முடியெடுக்கப் போகிற இடத்துக்கு முடியோடு போக வெட்கப்பட்டவளை வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகுதான் பயம் ஆரம்பித்தது. சவரமாவது செய்யுங்கள் என்றால் ரேசரைத் தொடமாட்டேன் என்றாள். "அதை எடுத்தேன்னா நான் ஆம்பளைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி." பிடுங்கவும் கூடாது, மழிக்கவும் மாட்டாள். முடி அதன் பாட்டுக்கு வளர்ந்தது. மாஸ்க் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலாளியிடம் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டை ஸ்டூடியோ கழிவறையில் நின்றுகொண்டு சாப்பிட்டாள் என்று பிறகுதான் எனக்குத் தெரியும்.

அண்ணன் வருவதற்குள் முதல் தடவை லேசராவது முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அந்தக் கணக்கில் மண் விழுந்தது. வண்டி பழுதாகி ஒர்க்ஷாப்பில் நிற்கிறது, நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், கொஞ்ச நாள் இருப்பேன் என்று போன் வந்தது. அண்ணி போனை வைத்ததும் நேராகக் குளியலறைக்கு ஓடி இடுக்கியை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டேன். அவள் என் கையைக் கீறினாள். "குடுடி, உன் கால்ல விழுறேன், குடுத்துடு" என்று கும்பிட்டாள். என் அண்ணி சத்தம் போட்டுப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. ஆனாலும் கொடுக்கவில்லை, கைப்பைக்குள் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன்.

அண்ணன் வந்தான். அண்ணி வீட்டுக்குள்ளும் மாஸ்க்கோடு இருந்தாள். "தொண்டையில தொத்து. கிட்ட வராதீங்க" என்றாள். என் அறையில் என்னோடு படுத்தாள், அங்கேயும் கழற்றவில்லை. ராத்திரி கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். வாய் ஓயாமல் பேசுகிற அண்ணன் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தான். போட்டதைச் சாப்பிட்டான், சமையலறை வாசலில் நின்று அவள் முதுகையே பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அண்ணி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் மருந்துக்கடைக்கே வந்து நின்றான். கவுண்டரில் ஆள் போகும்வரை காத்திருந்தான்.

"உண்மையச் சொல்லு. அவளுக்கு வாயில என்ன?"

"நீ அண்ணியவே கேளு."

"கேக்க பயமா இருக்கு" என்றான். அண்ணன் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எங்கூட வண்டி ஓட்டினாரே பெரியவர், அவரும் இப்படித்தான். துண்டால வாயப் பொத்திக்கிட்டே திரிஞ்சாரு. தொண்டையில புண்ணுன்னுதான் சொன்னாரு. காட்டவே இல்ல. கடைசில எரிக்கும்போதுதான் எல்லாரும் பாத்தோம், வாயெல்லாம் புத்து. இவ என்னப் பாத்தாலே சுவரு பக்கம் திரும்பிக்கிறா. எத்தனை நாள்னு டாக்டர் சொல்லியிருக்கார்? அதையாவது சொல்லு."

நாங்கள் இரண்டு பேரும் ஒரு தாடையை மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, இவன் பொண்டாட்டியைப் பறிகொடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறான். கடை முதலாளியிடம் எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அண்ணி, இவன் உங்களுக்குப் புற்றுநோய்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். கழட்டுங்க."

அண்ணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கை காதுவரை போய்ப் போய்த் திரும்பியது. அவன் நின்ற கோலத்தைப் பார்த்தாள், கண் சிவந்து, சாவிக்கொத்தைப் பிசைந்துகொண்டு நின்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டு மாஸ்க்கை இழுத்தாள்.

மேலுதட்டில் மீசை. தாடையிலிருந்து கழுத்துவரை கறுகறுவென்று முடி. அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து பார்த்தான். கட்டி எங்கே, புண் எங்கே என்று தேடினான். பிறகு மூச்சை விட்டான். சிரித்துவிட்டான்.

"இதுக்கா?"

சந்தோஷத்தில்தான் சிரித்தான், எனக்குத் தெரியும். ஆனால் அண்ணி கண்ணைத் திறந்தாள், அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"சிரிக்காதீங்க. உங்களுக்கு இது ‘இதுக்கா’. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்களுக்கு முன்னாடி நான் எந்திரிக்காத ஒரு நாள் சொல்லுங்க. ஒரே ஒரு நாள். காய்ச்சல்ல எந்திரிச்சேன். எங்கப்பா செத்த அன்னைக்கும் எந்திரிச்சு, பிடுங்கிட்டுதான் அழ வந்தேன்."

அண்ணன் யோசித்தான். நிஜமாகவே ஒரு நாளைத் தேடினான். கிடைக்கவில்லை. சிரிப்பு அவன் முகத்திலேயே அசடு வழிய நின்று, பிறகு போய்விட்டது. "தெரியாம போச்சு" என்று மட்டும் சொன்னான்.

லேசருக்கு மூன்று பேருமாகப் போனோம். முடியை மழிப்பதற்கு முன்னால் அந்தப் பெண் கேமராவை எடுத்தாள். "முதல் தடவை ஒரு போட்டோ எடுத்து வெச்சுப்போம்க்கா. பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க. பைல்ல மட்டும்தான் இருக்கும்."

போன தடவை எடுக்க ஒன்றுமில்லாததால் எடுக்கவில்லை. போட்டோ எடுப்பார்கள் என்று யாருமே அண்ணியிடம் சொல்லவில்லை. அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. எழுந்து ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, நேரா பாருங்க" என்றாள் அந்தப் பெண். ஸ்டூடியோவில் தினமும் அண்ணி காதில் விழுகிற வார்த்தைகள். தாடையைத் தூக்கினாள். படம் விழுந்ததும், "காட்டுங்க" என்றாள். திரையைப் பார்த்தாள். அவளுடைய சுட்டுவிரல் பழக்கத்தில் தானாக மேலுதட்டுக்குப் போனது, அங்கே தேய்த்தால் போய்விடும் என்பதுபோல. பிறகு விரலை மடக்கிக்கொண்டாள்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். சுளீர் சுளீரென்று ஒவ்வொரு அடிக்கும் அவள் கால் விரல்கள் சுருங்கின, முடி கருகும் வாடை வந்தது. அண்ணன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். முடிந்ததும் சிவந்த தாடையில் ஐஸ் வைத்தார்கள். வேர் வெந்த முடி கொஞ்ச நாளில் தானாக உதிரும், மிச்சம் மறுபடி முளைக்கும், மறுபடி வர வேண்டும் என்றார்கள்.

அன்று ராத்திரி அண்ணி தன் அறைக்கே படுக்கப் போனாள். மறுநாள் நான் விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை. அவமானம் தாங்காமல் எங்காவது போய்விட்டாளோ? வாசல் கதவைப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அண்ணன் அறைக்கு ஓடினேன்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், கையில் குடிக்காத தேநீர். வாயில் விரலை வைத்து என்னைத் தடுத்தான். ஜன்னலில் வெயில் ஏறி அவள் முகத்தில் நேராக விழுந்திருந்தது. வாய் திறந்து, தாடை சிவந்து, அண்ணி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.