மண்ணூர்பேட்டைத் தெலுங்குப் பிரிவும் பத்தாவது பிள்ளையும்

சின்ன மொழிப் பிரிவுல வாத்தியார் வேலைன்னா, பாதி பாடம் நடத்துறது, பாதி பிள்ளை பிடிக்கிறது. உருதோ மலையாளமோ நடத்தி நொந்துபோனவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எண்பதுகள்ல நான் மண்ணூர்பேட்டையில தெலுங்குப் பிரிவு டீச்சர். பத்துப் பிள்ளைக்குக் குறைஞ்சா பிரிவுக்கே பூட்டுன்னு சொல்லிட்டாங்க.

ஜூன் மாச அலைச்சல்

பக்கத்துத் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனி மூடினதும் தெலுங்குக் குடும்பங்க சிலது நெல்லூர்ப் பக்கமே திரும்பிடுச்சு. கிளாஸ்ல மிச்சம் ஒன்பதே பேர். வெயில்ல தெருத்தெருவா அலைஞ்சேன். லேத் ஓட்டுற வெங்கடேசு வாய் நிறையத் தெலுங்குல வரவேற்று காபி கொடுத்தார். பையனை அனுப்புங்கன்னு கேட்டேனோ இல்லையோ, மனுஷன் தமிழுக்குத் தாவிட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஊட்டுல பேசிக்கினுதானே கீறோம் டீச்சர்? தெலுங்குல எழுதிக் காட்னா எந்தக் கம்பெனிக் கதவு தொறக்கும்?"

ஸ்டெல்லாவின் மகள்

இந்த நேரம் பார்த்து பிரிவைச் சோதிக்கக் கல்வி அதிகாரி வர்றார்னு தகவல். தெலுங்கைத் தாய்மொழியாக் கொண்ட பிள்ளைங்களைத்தான் கணக்குல சேர்ப்பாராம். பத்தாவதுக்கு நான் எங்கே போவேன்? அப்பத்தான் ஸ்டெல்லா வந்தாங்க. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவங்க மகள் மேரிக்குப் பக்கத்து வீட்டுச் சுசீலான்னா உயிர்; சுசீலாவோ என் கிளாஸ். வேற கிளாஸ்ல போட்டா மேரி ஊரைக் கூட்டுறாளாம். அதிகாரிகிட்ட மாட்டினா அவ்வளவுதான்னு நான் தயங்கினேன்.

"சுசீலாவ உட்டு இது ஒரு நிமிசம் இருக்காது டீச்சர். எந்தப் பாஷையா இருந்தா இன்னா, அதுங்கூடவே குந்த வையுங்க!"

அதிகாரி வந்தார்

தெலுங்குக்காரர். நாற்காலியில கூட உட்காரலை. "காலையில என்ன சாப்பிட்டே?"ன்னு தெலுங்குல கேட்டார். சுசீலா எழுந்து, "பழைய சோறு சார்"னு பளிச்சுன்னு தமிழ்ல சொன்னா. அடுத்தவனும் தமிழ். அதுக்கடுத்தவளும் தமிழ். கேள்வி புரியுது, பதில் மட்டும் பழக்கதோஷத்துல தமிழ்ல வருது. அட பாவிங்களா, கவுத்துட்டீங்களேன்னு உள்ளுக்குள்ள அழுதேன்.

கடைசி பெஞ்சுல, பத்தாவதா நான் சேர்த்துக்கிட்ட மேரி. "வீட்ல என்ன பாஷை?"ன்னு மட்டும் கேட்டுட்டா எல்லாம் போச்சு.  அவளோ, பொழுதன்னிக்கும் தான் கிடக்கிற சுசீலா வீட்டுத் திண்பண்டம், சுசீலாவோட பாட்டி அடிச்ச அடி எல்லாத்தையும் தெலுங்குலயே மூச்சு விடாம ஒப்பிச்சா. அதிகாரி முகம் மலர்ந்துபோச்சு. வெளியே வந்து என்னை முறைச்சார்.

"அந்த ஒரு தெலுங்குப் பொண்ணுக்காக இந்த வருஷம் மூடாம விடுறேன். மத்த ஒன்பதும் கணக்குக்காகப் பிடிச்சுட்டு வந்த தமிழ்ப் பிள்ளைங்கதானே டீச்சர்?"

ஆக, அந்த வருஷம் என் தாய்மொழியை மண்ணூர்பேட்டையில காப்பாத்தினது, ஞாயித்துக்கிழமை தவறாம தமிழ்ப் பூசைக்குப் போற ஒரு பொடிசு.