நூற்று நாற்பத்தைந்தாவது பெட்டி

போன வாரம் மருமகள் என் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். பேனா மூடிகள், தேய்ந்த சாக்பீஸ் துண்டுகள், பழைய கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தவள், ஒரு காலித் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டி, "அத்தை, இதைத் தூரப் போட்டுரவா?" என்று கேட்டாள். மரச்சீவலை மடித்து ஊதாத் தாள் ஒட்டிய பெட்டி அது. லேபிள் கிடையாது, பக்கங்களில் மருந்து பூசியதில்லை, ஒரு குச்சிகூட அதற்குள் இருந்ததில்லை. "அதை மட்டும் வச்சிரு" என்றேன். நான் சொன்ன வேகத்தைக் கண்டு அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக எனக்கு முதல் வேலை. இரண்டே அறை, இரண்டே பேர். மூன்றாம் வகுப்பு வரை பெரிய டீச்சர் பார்த்துக்கொண்டார். நாலும் ஐந்தும் என் பொறுப்பு. எனக்கு இருபத்தொரு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு வேறு. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரச்சீவலும் தாளும் வரும். மாவுப் பசை காய்ச்சி, எலி தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்து, பெட்டியாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். அதுதான் ஒரு கட்டு. அதன் பிறகு எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள்.

என் ஐந்தாம் வகுப்பு லீடருக்குப் பத்து வயது. மற்றப் பிள்ளைகளை மட்டுமல்ல, என்னையும் அவள்தான் மேய்த்தாள். "டீச்சர், நேத்துப் போட்ட கணக்கை நீங்க இன்னும் திருத்தலை" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடை அவள் சிலேட்டில் இருக்கும். அப்படிப்பட்டவள் திடீரென்று மூன்று நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் பசைச் சட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். "படிப்பு வேண்டாம்னு சொல்லலை டீச்சர்" என்றாள் தாய். "பொழுது சாயுறதுக்குள்ள இம்புட்டையும் முடிக்கணும். என் ரெண்டு கை போதலை."

"அப்ப பெட்டியப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரட்டும். கை ஒட்டட்டும், காது பாடம் கேக்கட்டும்" என்றேன்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் கடைசி வரிசையில் அவள் மரச்சீவல் பரப்பிய சுளகும் பசைச் சிரட்டையுமாக உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் அவளைச் சுற்றி ஆறு பிள்ளைகள். அறை முழுக்கப் பசை நாற்றம். பாடப் புத்தகங்களில் ஊதா விரல் ரேகைகள். ஆனால் ஏழு பேரும் தினமும் வந்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. பெரிய டீச்சர்தான் கதவோரம் நின்று, "இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா உங்க வேலை போயிரும், பாத்துக்கோங்க" என்று எச்சரித்தார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். அவர் சொன்னபோது தலையாட்டினேன். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். அவர் பெரிய டீச்சரின் அறையில் இருந்த ஐந்து நிமிடத்தில் சுளகு, சிரட்டை எல்லாவற்றையும் பீரோவுக்குள் திணித்துப் பூட்டினோம். திணித்தவள் லீடர்தான். உள்ளே வந்தவர் மூக்கைச் சுருக்கினார். லீடர் யார் என்று கேட்டு, அவளை எழுப்பி, நூற்றிலிருந்து எண்ணச் சொன்னார். அவள் நிமிர்ந்து நின்று மளமளவென்று எண்ணினாள். "நூத்தி நாப்பத்தி மூணு, நூத்தி நாப்பத்தி நாலு" என்று சொல்லி நிறுத்தினாள்.

"அடுத்து?"

"ஒண்ணு, சார்."

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அவளுடைய ஊதா விரல்களைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். "என்ன டீச்சர் இது?" என்றார். பீரோவைத் திறக்கச் சொன்னால் தீர்ந்தது கதை.

"கொஞ்சம் மந்தமான பிள்ளை, சார்" என்றேன்.

"மந்தமான பிள்ளையையா லீடரா வச்சிருக்கீங்க?"

"நாளைக்கே மாத்திடறேன், சார்."

அவர் போய்விட்டார். பார்வையாளர் புத்தகத்தில் திருப்தி என்று எழுதியும் வைத்தார். அவள் பீரோவிலிருந்து தன் சுளகை எடுத்துக்கொண்டாள். பாவியாகிய நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது ஞாயிறுதோறும் எனக்குப் பழக்கம். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பழக்கமில்லை. தாய் எழுந்து, "வாங்க டீச்சர்" என்று மணைப் பலகையை எடுத்துப் போட்டாள். மரியாதையில் குறை வைக்கவில்லை. "மந்தமான பிள்ளைன்னு நீங்களே சொல்லிட்டீகளாம்ல. பெறகு எதுக்கு அனுப்பிக்கிட்டு?" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் சொன்னது பொய். என் வேலைக்குப் பயந்து சொன்னேன். உங்க பிள்ளை மாதிரி கெட்டிக்காரப் பிள்ளை என் வகுப்புல இல்லை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். தாய் மகளைப் பார்த்தாள்.

அவள் தலையைத் தூக்கவில்லை. ஒட்டிய பெட்டிகளைக் கட்டாக அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கினாள். வெளியே ஒரு பெட்டி மிச்சமிருந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நூத்தி நாப்பத்தஞ்சு, டீச்சர்" என்றாள். "எனக்குத் தெரியும். சட்டுனு கேட்டாகளா, வாயில அதான் வந்துச்சு."

"நாளைக்கு வருவியா? நீதான் லீடர். நான் யாரையும் மாத்தலை."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் சுவரோரம் அடுக்கியிருந்த மரச்சீவலைப் பார்த்தாள். "இந்தக் கட்டு முடிஞ்சதும் வாறேன் டீச்சர்" என்றாள் பிள்ளை. நான் எழுந்து தெருவில் இறங்கும்போது, அடுத்த பெட்டியை ஒட்டிக் கீழே வைத்து, "ஒண்ணு" என்று அவள் எண்ணத் தொடங்கியது கேட்டது. அதன் பிறகும் நாலைந்து தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சிரித்த முகத்தோடு சொன்னாள். அந்த வருடம் முழுக்க வகுப்புக்கு லீடர் போடவில்லை. பிறகு எனக்கு மாறுதல் வந்தது.

மருமகள் பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்து, "அப்படி என்ன இருக்கு அத்தை இதுல?" என்றாள். "நூத்தி நாப்பத்தி நாலுக்கு அடுத்து என்ன வரும், சொல்லு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சரியாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளை சொன்னதும் சரிதான். அந்த வீட்டில் நூற்று நாற்பத்து நான்குக்குப் பிறகு ஒன்றுதான் வந்தது, நாள் தவறாமல் வந்தது. அவளைத்தான் நான் மந்தம் என்றேன்.