அளவு ஜாக்கெட்

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, வருடம் சரியாக நினைவில்லை. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் ஹையர் பரீட்சை நடந்தது. நாற்பதைத் தாண்டிய நான், கையில் ஹால் டிக்கெட்டோடு, என் மகள் வயதுப் பெண்களுக்கு நடுவே வரிசையில் நின்றேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன், மெதுவாக, பல நாளாக. இன்னொருவர் கையால் எழுதி வாங்க எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினோம். முன்னறை ஜன்னலோரம் மிஷினைப் போட்டு, எங்கள் பிளாக்கில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தேன். தீபாவளி, பொங்கல் வந்தால் சாப்பிட நேரம் இருக்காது. துணி கொண்டு வருகிறவர்கள் கூடவே ஒரு அளவு ஜாக்கெட்டும் கொண்டு வருவார்கள். உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட். அதை மடித்துப் புதுத் துணி மேல் போட்டு, ஓரம் சுற்றி சாக்குக்கட்டியை ஓட்டினால் போதும், கத்தரிக்கோல் தானாகப் போகும். நான் ஒருத்தி மேலும் டேப் வைத்து அளந்ததில்லை. எனக்குத் தெரிந்த எந்தத் தையல்காரப் பெண்ணும் அளந்ததில்லை.

வேலை சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கூப்பிடுவது 'டெய்லரு' என்றுதான். ஒரு சூப்பர்வைசர் வீட்டம்மா மாடியிலிருந்தே, "ஏ டெய்லரு, என் ஜாக்கெட் எப்ப தருவே? அடுத்த ஜென்மத்துலயா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அதே அம்மா, பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியே போனால், படியிறங்கி வந்து "வணக்கம் டீச்சர்" என்பாள். அந்த டீச்சர் தைத்த ஜாக்கெட் ஒன்றைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தவள் நான். அதுவும் அந்த அம்மாவுக்குத்தான். வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த 'வணக்கம் டீச்சர்' எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

எதிர் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூன்று நாலு வயது சின்னவள். திருமழிசைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, பேப்பர் மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பாள். தையலில் லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சை இருக்கிறது, பாஸ் செய்து டீச்சர் பயிற்சியும் முடித்தால் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகலாம் என்று விசாரித்து வந்தவள் அவள்தான்.

"யக்கா, நீ எட்டாவது பாஸ்தான? அது போதும்க்கா. உன்கிட்ட கை கீது, என்கிட்ட எழுத்து கீது. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு டீச்சரு. நாம ரெண்டு பேரும் படிச்சா ரெண்டு டீச்சரு, இன்னா சொல்ற?"

எட்டாவது பாஸ் செய்ததற்குப் பெட்டிக்குள் அத்தாட்சி இருந்தது. எழுத்துதான் மறந்து போயிருந்தது. சரி என்றேன்.

ஆண்கள் ஷிப்டுக்குப் போன பிறகு மதியம் என் வீட்டில் உட்காருவோம். அவள் புத்தகத்தைப் படிப்பாள், நான் கேட்டுத் திருப்பிச் சொல்வேன். "மார்புச் சுற்றளவில் நாலில் ஒன்று, அதோடு ஒன்றரை அங்குலம்" என்று தாலாட்டு மாதிரி மனப்பாடம் செய்தேன். பிறகு நான் அவளுக்குத் தைக்கச் சொல்லித் தருவேன். மிதிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் ஓட்டி ஓட்டி நூலை அறுப்பாள். அவள் விரலில் ஊசி ஏறி ரத்தம் வந்த நாள் கொஞ்சமல்ல. கத்தரிக்கோல் முனை பையைக் கிழிக்காமல் இருக்க அதை ஒரு பழைய ஜாக்கெட்டில் சுற்றி வைக்கிற வழக்கத்தைக்கூட என்னிடமிருந்துதான் அவள் கற்றுக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"டீச்சரம்மா, சோறு வடிச்சாச்சா? இல்ல, இன்னைக்கும் நாலுல ஒரு பங்குதானா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் முறைத்துக்கொண்டே சோறு போடுவேன். உள்ளுக்குள் அந்த 'டீச்சரம்மா' இனித்தது என்பதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

லோயர் பரீட்சையில் குழந்தைச் சட்டை, சின்ன கவுன். இருவரும் பாஸ். ஹையரில் ஜாக்கெட். பயிற்சியில் சேர வயது வரம்பு உண்டு என்றார்கள். அந்தத் தடவை விட்டால் என் வயது அதைத் தாண்டிவிடும். அதனால் அந்த ஒரு நாளை நம்பித்தான் எல்லாமே இருந்தது.

எழுத்துப் பரீட்சையைத் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டேன். செய்முறைப் பரீட்சை நாளில் ஆவடி ஸ்டேஷனில் இருவருக்கும் அவளே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "நீ பக்கத்துல இருந்தாப் போதும்க்கா, எனக்கு பயமே இல்ல" என்றாள். ஹாலிலும் பக்கத்துப் பக்கத்து மேசை.

கேள்வித்தாளில் ஓர் உடம்பின் அளவு கொடுத்திருந்தார்கள். முதலில் பிரவுன் பேப்பரில் வரைய வேண்டும். மனப்பாடம் செய்தது ஒரு வரி பிசகாமல் வந்தது. மேற்பார்வைக்கு வந்த சின்ன வயது டீச்சர் பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்றுகூடச் சொன்னாள். பேப்பரைத் துணி மேல் வைத்துக் குறித்துவிட்டேன். கத்தரிக்கோலை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். சுற்றியிருந்த என் பழைய ஜாக்கெட்டைப் பிரித்தேன்.

அங்கேதான் நடந்தது. பதினைந்து இருபது வருடப் பழக்கம். என் கை அந்த ஜாக்கெட்டைத் தூக்கித் துணி மேல் போட்டுத் தடவிவிட்டது. அக்குள் வளைவு ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை. வெட்டுவதற்கு முன்னால் சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான். அது என் உடம்பின் அளவு. கேள்வியில் இருந்தது வேறு அளவு. அதைப் பார்த்து வெட்டினால் நான்தான் ஃபெயில்.

"இது என்னம்மா?" அதே சின்ன டீச்சர்.

"அளவு ஜாக்கெட்டுங்க."

"அளவுதான் கேள்வித்தாள்லயே குடுத்திருக்கே?"

"அது இருக்கட்டுங்க. அளவு ஜாக்கெட் இல்லாம யாருங்க ஜாக்கெட் வெட்டுவாங்க?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவள் போய்த் தலைமைத் தேர்வாளரைக் கூட்டி வந்தாள். அவர் என் ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். அக்குளில் சாயம் போன, நான் உடுத்திய ஜாக்கெட். அத்தனை பேர் முன்னால்.

"பிட்டு கொண்டாந்து பாத்திருக்கேன். ஜாக்கெட்டையே கொண்டாந்து இப்பதான் பாக்கிறேன்."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது அடைத்துவிட்டது. "சார், இது எங்க வழக்கம் சார். கத்தரிக்கோல் சுத்தி வச்சிருந்தது. இதோ பக்கத்துல இருக்கிறவங்க எங்க பிளாக்குதான். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படிச்சோம். கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டு, "ஒரே ரயில்ல வந்தோம் சார். அவ்ளோதான்" என்றாள்.

சொல்லும்போதே அவள் கால் அசைவதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பையை மேசைக்கு அடியில், உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பைக்குள்ளும் ஒரு பழைய ஜாக்கெட் இருந்தது. நான் தைத்துக் கொடுத்தது. அதில்தான் அவள் கத்தரிக்கோலைச் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

'அந்தப் பையைத் திறந்து பாருங்க சார்' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அவள் மேல் இரக்கப்பட்டு விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருத்தியைக் காட்டிக் கொடுத்துத் தப்பிக்கிற அளவுக்கு நான் இறங்கவில்லை, அதுதான் காரணம். "வெளிய போங்கம்மா" என்றார் அவர். அவர் கையிலிருந்து என் ஜாக்கெட்டை வாங்கி மடித்தேன். கத்தரிக்கோலைச் சுற்றினேன். வெளியே வந்துவிட்டேன்.

ரிட்டர்ன் டிக்கெட் அவள் பர்சில் இருந்தது. அதைக் கேட்டுத் திரும்பிப் போவேனா? நடந்தேன். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில், உச்சி வெயிலில். அண்ணனூர் ஷெட்டில் காலி ரயில்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பாதி வழியில் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். அழுதிருந்தாள். என் டிக்கெட்டை மிஷின் பலகை மேல் வைத்துவிட்டு, "நான் இன்னாக்கா பண்றது? வாயத் தொறந்திருந்தா என்னையும் அனுப்பியிருப்பாங்க. ரெண்டு பேருமே போயிருப்போம்" என்றாள்.

"போயிருந்தா என்னடி? பேசிக்கிட்டே ரயில்ல வந்திருக்கலாம்" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நியாயம் இருந்தது. அதனால்தான் அதிகமாக வலித்தது.

என் வீட்டுக்காரருக்கு பிளாக்கிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை அவரே எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அன்றோடு 'டீச்சரம்மா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். என் மனம் நோகக் கூடாதென்றுதான். ஹாலில் கேட்ட சிரிப்பைவிட அந்த அமைதிதான் என்னைக் கொன்றது.

கொஞ்ச காலம் பரீட்சை எழுதக் கூடாது என்று என்னைத் தள்ளி வைத்தார்கள். அது முடிவதற்குள் வயது தாண்டிவிட்டது. அவள் பாஸ் செய்தாள், பயிற்சி முடித்தாள், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் ஆனாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அந்தப் பக்கமே குடி போனார்கள். நான் ஜன்னலோரம் அதே மிஷினில் உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து 'ஏ டெய்லரு' வந்துகொண்டேதான் இருந்தது.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். குடை, கைக்கடிகாரம், கஞ்சி போட்ட புடவை. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம்.

"எனக்கு எங்கக்கா நேரம்? ஸ்கூல் வேலையே சரியா கீது. வெளிய குடுத்தா ஒருத்தன் தெச்சதும் ஒடம்புல நிக்கல. உன் கை வராதுக்கா யாருக்கும்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து துணியையும், கூடவே ஒரு பழைய ஜாக்கெட்டையும் எடுத்து மிஷின் மேல் வைத்தாள். நான் தைத்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்று மேசைக்கு அடியில் போன பைக்குள் இருந்தது அதுதான்.

நான் அதைத் தொடவில்லை. ஸ்கேல் முனையால் அவள் பக்கமே தள்ளினேன். இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்தேன்.

"நேரா நில்லுங்க டீச்சர். கையைத் தூக்குங்க."

அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாக்கா, என்னப் போய் டீச்சர்னு..." என்றாள். தோள், மார்பு, இடுப்பு, கை, ஒவ்வொன்றாக அளந்தேன். "மார்புச் சுற்றளவில் நாலில் ஒன்று, அதோடு ஒன்றரை அங்குலம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவள் கண் முன்னால் பிரவுன் பேப்பரில் வரைந்தேன். அவள் தன் பழைய ஜாக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ சுத்தமா வருதேக்கா. அன்னிக்கு ஏன் அத வெளிய எடுத்த?" என்று கடைசியில் கேட்டாள்.

"பழக்கம்" என்றேன். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க டீச்சர்."

ஜாக்கெட் அவளுக்கு அச்சாகப் பொருந்தியதாம். அதைப் போட்டுக்கொண்டு மேடையில் பரிசு கொடுத்தாளாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

கண் மங்கி, மிஷினை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். கத்தரிக்கோல் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு பழைய ஜாக்கெட்டில் சுற்றி. அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்த வயதிலும் யாராவது என் பக்கத்தில் உட்கார்ந்து "நாம ரெண்டு பேரும்" என்று பேச ஆரம்பித்தால், அவர்கள் முகத்தைப் பார்க்கும் முன்னால் என் கண் அவர்கள் காலைத்தான் பார்க்கிறது.